ராக் எண்ட் மாற்றிய அனுபவம்: கிழிந்த பூட்டில் தொடங்கும் தேய்மானம்

காரின் ஸ்டியரிங் ராக்கின் (குறுக்கே கிடக்கும் பல்வரிசைத் தண்டின்) இரு முனைகளிலும் திருகப்பட்டிருக்கும் ராக் எண்ட், காருக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாத உறுப்பு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பினியன் பற்சக்கரம் ராக்கை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைச் சக்கரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவை ராக் எண்டும், அதன் மறுமுனையில் மாட்டிய டை ராட் எண்டும். டை ராட் எண்ட் சக்கரத்தின் உள்பக்கத்தில் வெளிப்படையாக இருப்பதால் எந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் ஆட்டிப் பார்ப்பார். ராக் எண்டின் பந்து மூட்டோ, துருத்திபோல் மடிப்புகள் கொண்ட 'பூட்' (boot) என்னும் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கிறது. அதனாலேயே அதன் தேய்மானம் பெரும்பாலும் கடைசியாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

பெங்களூரில் நான் ஓட்டுவது 2012ஆம் ஆண்டின் சிறிய ஹேட்ச்பேக் கார். இதில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கின் மோட்டார் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால், கீழே உள்ள ராக்கில் எண்ணெய்க் குழாய்களோ ஹைட்ராலிக் சீல்களோ இல்லை. வீட்டில் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வசதி. குழாய் பதிக்கத் தோண்டி, பாதி மூடிவிட்டுப் போன தெருக்களில் மெதுவாகச் செல்லும்போது முன் இடது பக்கத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. துமகூரு சாலையில் வேகமாகப் போகும்போது கார் நேராக ஓடாமல், ஸ்டியரிங்கை அடிக்கடி சிறிது திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இடது முன் டயரின் உள் விளிம்பில் கையை வைத்துக் குறுக்காகத் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் அரம்போல் சொரசொரப்பாகவும் இருந்தது. டோ அளவு (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) நிலையாக நிற்கவில்லை என்பதை டயர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முதலில் காட்டிய பட்டறையில் ராக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ராக் அசெம்ப்ளியின் விலைக்கும் ராக் எண்டின் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம். பூட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன அந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என் தாய்மாமா பீன்யாவில் பல ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஓடாத நேரத்தில் சமதளமான கான்கிரீட் தரை கிடைக்கும் என்பதால் காரை அங்கே கொண்டுபோனேன்.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் முதல் பாதி. அதில் அவசரப்படக் கூடாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிகிற ஆட்டம் வீல் பேரிங்கையோ, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டையோ காட்டும். என் காரில் அந்தத் திசையில் அசைவே இல்லை. பக்கவாட்டில், 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டியபோது இடது சக்கரத்தில் தெளிவான ஒரு தட்டல் கைக்கு எட்டியது. மாமா சக்கரத்தை ஆட்ட, நான் முதலில் டை ராட் எண்டின் மேல் விரல்களை வைத்துப் பார்த்தேன். அதன் உடலும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகவே அசைந்தன, இடையில் தளர்வு இல்லை. பிறகு ரப்பர் பூட்டை வெளியிலிருந்தே அழுத்தி, உள்ளே இருக்கும் பந்து மூட்டைப் பிடித்தேன். ராக் எண்டின் ராடு அசைந்த பிறகு, ஒரு கணம் தாமதித்துத்தான் பந்தைப் பொதிந்திருக்கும் கிண்ணம் அசைந்தது. அந்தத் தாமதமே தட்டலின் பிறப்பிடம். ராக் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தாலும் இதேபோன்ற சத்தம் வரும் என்பதால், ராக் தண்டையே மேலும் கீழும் நெம்பிப் பார்த்து, அதில் ஆட்டம் இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

பூட்டை அழுத்தும்போதே காரணமும் தெரிந்துவிட்டது. அதன் கீழ்ப்பக்க மடிப்பு ஒன்றில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தது. அழுத்தியபோது அதிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் சொட்டியது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு பக்கத்துப் பூட் சுருங்க, மறுபக்கத்துப் பூட் விரியும்; உள்ளிருக்கும் காற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும். கிழிசல் விழுந்துவிட்டால் பூட் விரியும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றையும், அதனோடு தூசியையும், மழை நாளில் தேங்கிய நீரையும் உள்ளே இழுக்கும். பெங்களூரின் செம்மண் தூசி மிக நுண்ணியது. அது கிரீஸில் கலந்தால் கிரீஸ், தேய்ப்புப் பசையாகவே மாறிவிடுகிறது. ராக் எண்ட் தானாகத் தேய்ந்து சாவதைவிட, பூட் கிழிந்து சாவதுதான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. எனவே பழைய பூட்டையே திரும்ப மாட்டும் எண்ணம் இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். அங்குள்ள கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். காரின் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் வந்த கார்களிலும் ஸ்டியரிங் வகை மாறும்போது ராக் எண்டின் நீளமும் மரையும் மாறலாம். "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. எப்படியும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்குப் போகத்தான் வேண்டும், மறுபக்கத்து மூட்டும் அதே வயதுடையதுதான். சென்னையில் 1929இல் தொடங்கிய ரானே குழுமத்தின் ராக் எண்ட் ஒரு ஜோடி, பூட் ஒரு ஜோடி, புதிய கிளாம்ப்கள், நட்டு கழன்றுவிடாமல் காக்கும் ஸ்பிளிட் பின்கள் ஆகியவற்றை வாங்கினேன். கடையிலேயே பெட்டியைத் திறந்து, பந்து மூட்டைக் கையால் அசைத்துப் பார்த்துவிடுவது நல்லது. புதிய மூட்டு ராடின் எடைக்குத் தானாகச் சாயக் கூடாது. கையால் சற்று அழுத்தினால் மட்டுமே, எந்த இடத்திலும் உறுத்தல் இல்லாமல் ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும்.

கழற்றுவதற்கு முன் அளவெடுப்பதில்தான் பொறுமை வேண்டும். டை ராட் எண்டை ராக் எண்டிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. புதிய ராக் எண்ட் பழையதைவிட ஓரிரு மில்லிமீட்டர் நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால் அந்த எண்ணிக்கை பொய்யாகிவிடும். அதனால் டை ராட் எண்டை நக்கிளோடு இணைக்கும் மரைத் தண்டான ஸ்டட்டின் மையத்திலிருந்து ராக் எண்ட் கிண்ணத்தின் விளிம்பு வரை மொத்த நீளத்தை வெர்னியரும் எஃகு ஸ்கேலும் கொண்டு அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம். டை ராட் எண்ட் ராடில் சுழலாமல் பிடித்து வைத்திருக்கும் லாக் நட்டை அரைச் சுற்று தளர்த்திய பிறகே ஸ்டட்டின் பக்கம் போனோம். ஸ்டட் நக்கிளில் இறுகி இருக்கும்போதுதான் லாக் நட்டைத் திருக நல்ல பிடிமானம் கிடைக்கும்.

டை ராட் எண்டின் ஸ்டட், நக்கிளின் கூம்பான துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றாமல் மரையின் நுனி வரை மட்டும் தளர்த்தி, நக்கிளின் கண்ணில் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கூம்பு விடுபட்டுவிடும். ஸ்டட்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்கும். கவை போன்ற கருவியை இடையில் அடித்து ஏற்றினால் சத்தமில்லாமல் டை ராட் எண்டின் சிறிய ரப்பர் உறை கிழியும். என் டை ராட் எண்டுகள் நல்ல நிலையில் இருந்ததால் அந்தக் கருவியை நாங்கள் எடுக்கவே இல்லை.

பூட்டின் பெரிய வாயில் இருந்த கம்பிக் கிளாம்பை வெட்டி எடுத்து, இரு பக்கத்துப் பூட்டுகளையும் உருவினோம். இடது பக்கத்தில் கிரீஸ் இருந்த இடத்தில் பழுப்பு நிறச் சேறுதான் இருந்தது. அதைத் துடைத்தபோது ராக் எண்டைப் பூட்டி வைத்திருக்கும் வாஷர் தெரிந்தது. அதன் காதுகள் ராக் எண்டின் தட்டை முகத்தின் மேல் மடித்து அடிக்கப்பட்டிருக்கும். உளியை மெல்லச் செலுத்தி அவற்றை நிமிர்த்திய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். சில கார்களில் தட்டை முகமே இல்லாமல் கிண்ணம் உருண்டையாக இருக்கும். அவற்றுக்கு நீளக் குழாய் வடிவில் வரும் ராக் எண்ட் டூல் அவசியம்.

இந்த இடத்தில்தான் நல்ல ராக்கும் கெட்டுப்போகிற ஆபத்து இருக்கிறது. ராக் எண்ட் கடும் இறுக்கத்தில் இருக்கும். ராக் தண்டைப் பிடித்துக்கொள்ளாமல் ராக் எண்டை மட்டும் நெம்பினால், அந்த முறுக்கு முழுவதும் தண்டின் வழியே பினியன் பற்களின் மேலும், ராக்கைப் பின்னாலிருந்து தாங்கும் கைடின் மேலும் போய் விழும். தண்டைப் பிடிக்க வேண்டும், ஆனால் அதன் வழவழப்பான பகுதியில் பிடிக்கக் கூடாது. அங்கே ஸ்பேனர் கீறினால் புஷ்ஷுக்குள் அந்தக் கீறல் ஒவ்வொரு திருப்பத்திலும் உரசும். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட நம் கார்களில் ராக்கின் பற்கள் வலப்பக்கத்தில் இருக்கின்றன. என் காரில் ராக், முன் அச்சுக்குப் பின்புறம் இருப்பதால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ராக் வலப்பக்கமாக வெளியே வரும். பற்கள் கண்ணுக்குத் தெரியும். மாமா அலுமினியத் தகட்டை மடித்து அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் தாடைகளுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு தாடை பற்களின் தட்டையான தலைப்பகுதியில் படும்படி பிடித்தார்.

"மாப்ளே, பல்லு பக்கம் நான் புடிச்சிருக்கேன். நீ ஜெர்க் அடிக்காம ஒரே தம்முல அழுத்து" என்றார்.

அந்த ஒரே பிடியிலிருந்தே இரு பக்கத்தையும் கழற்ற முடிந்தது. இடது முனையில் பற்கள் இல்லை. ஆனாலும் தண்டு ஒன்றே என்பதால், வலப்பக்கத்தில் மாமா பிடித்திருக்க, இடப்பக்கத்தில் நான் திருகினேன். அதற்கு ஸ்டியரிங்கை முழு லாக் வரை, அதாவது திரும்பக்கூடிய கடைசி எல்லை வரை கொண்டுபோகாமல், வலப்பக்கம் பற்கள் தெரியும் அளவுக்கும், இடது கிண்ணத்தில் ஸ்பேனர் நுழைய இடம் இருக்கும் அளவுக்கும் நடுவில் நிறுத்தினோம். உதவிக்கு ஆள் இல்லாமல் இந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

பழைய ராக் எண்டுகள் கையில் வந்ததும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வலப்பக்கத்து ராடு கிடைமட்டமாகப் பிடித்தால் அப்படியே நின்றது. இடப்பக்கத்து ராடு துவண்டு விழுந்தது, குலுக்கினால் கிணுகிணுத்தது. மாமா அதை லேத்தில் கட்டிக் கிண்ணத்தைச் சீவித் திறந்தார். பந்தைத் தாங்கியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் இருக்கை ஒரு பக்கம் காகிதம்போல் மெலிந்து, மறுபக்கம் தடிமனாகவே இருந்தது. பந்தின் கீழ்ப்பாதியில் ஊசி குத்தியதுபோல் துருப்புள்ளிகள். மேல்பாதி இன்னும் பளபளப்பாகவே இருந்தது. தண்ணீர் தேங்கி நின்ற மட்டம் அந்த உருண்டையின் மேல் ஒரு கோடாகவே பதிந்திருந்தது. அந்தத் துருப்புள்ளிகள்தாம் இருக்கையைச் சுரண்டியிருக்கின்றன.

புதியதை மாட்டுவதற்கு முன் ராக் தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தோம். புஷ்ஷுக்குள் போய்வரும் பகுதியில் துருக்குழிகள் இருந்திருந்தால் முதலில் காட்டிய பட்டறைக்காரர் சொன்னதே சரியாகியிருக்கும்; அப்போது ராக் எண்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. என் காரில் இடது முனையின் ஓரத்தில் மேலோட்டமான கறை மட்டுமே இருந்தது, நகத்தால் தடவினால் எதுவும் தட்டவில்லை. எண்ணெய் தோய்த்த துணியால் அது போய்விட்டது. உட்புறத்தில் சேர்ந்திருந்த சேற்றை எடுத்துவிட்டுப் பற்களுக்குப் புதிய லித்தியம் கிரீஸ் தடவினோம்.

பொருத்தும்போது புதிய வாஷரின் உள்பக்க நாக்குகள் ராக் முனையின் வெட்டுகளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். என் காரின் சர்வீஸ் மேனுவல் 85 நியூட்டன் மீட்டர் என்கிறது. அந்தந்தக் காருக்கு அதன் மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு. சாதாரண சாக்கெட் இங்கே நுழையாது என்பதால், டார்க் ரெஞ்சில் திறந்த வாய் கொண்ட ஒரு துணைக்கருவியை மாட்டினோம். அது ரெஞ்சின் கைப்பிடிக்குச் செங்குத்தாக நின்றால் ரெஞ்ச் காட்டும் அளவே நட்டுக்கும் போய்ச் சேரும். கைப்பிடியின் நீட்சியாக நேராக நின்றால் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும். இறுக்கும்போதும் மாமாவின் ஸ்பேனர் பற்களிலேயே இருந்தது. கடைசியாக வாஷரின் காதுகளைத் தட்டை முகத்தின் மேல் மடித்து அடித்துப் பூட்டினோம்.

பூட்டைச் சும்மா இழுத்து மாட்டிவிட முடியாது. ராடின் மேல் பூட்டின் சிறிய வாய் உட்காரும் பள்ளம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் மெல்லிய படலமாகச் சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். அலைன்மென்ட் செய்பவர் ராடைச் சுழற்றித்தான் டோவைச் சரிசெய்கிறார். அந்த இடம் உலர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ராடோடு பூட்டும் முறுகி, மடிப்புகள் கோணலாகி, சில மாதங்களில் அதே இடத்தில் வெடிக்கும். கழற்றிய பழைய பூட்டின் மடிப்புகளும் அப்படித்தான் சாய்ந்து இறுகியிருந்தன. கிழிசல் அந்தச் சாய்வின் மேலேயே ஓடியிருந்தது. பெரிய வாயை ராக் உடலின் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கிளாம்பை இறுக்கினோம். நைலான் கட்டுகளை இங்கே போடும் வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல.

டை ராட் எண்டைத் திருகி, சுவரில் எழுதிய மொத்த நீளம் வரும் இடத்தில் நிறுத்தினோம். சுற்று எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இடப்பக்கத்தில் சுமார் 2 மி.மீ. பிசகியிருக்கும். அது சிறிய அளவாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அப்படியல்ல. இந்த மரையின் இடைவெளி 1.5 மி.மீ.; ராடை ஒரு முழுச் சுற்று சுற்றினால் நீளம் 1.5 மி.மீ. மாறும். என் காரில் நக்கிள் கையின் நீளம் ஏறக்குறைய 130 மி.மீ. என்பதால் சக்கரம் 0.66 பாகை திரும்புகிறது. 560 மி.மீ. விட்டமுள்ள டயரின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையில் அது சுமார் 6.5 மி.மீ. வித்தியாசமாகத் தெரியும். ஆறு முக நட்டில் ஒரே ஒரு முகத்தின் அளவுக்கு ராடு சுழன்றாலும் டோ 1 மி.மீ.க்கு மேல் மாறிவிடுகிறது. மேனுவல் அனுமதிக்கும் விலகலே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்னும்போது, கண்ணளவில் நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் ஓட்டுவது டயரைப் பணம் கொடுத்துத் தேய்ப்பதாகும்.

ஸ்டட் நட்டை மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லையென்றால், இன்னும் சிறிது இறுக்கித்தான் துளையைச் சேர்க்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, இரு டயர்களின் நடுக்கோட்டிலும் சாக்பீஸ் குறியிட்டு, அச்சின் உயரத்தில் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் டேப்பால் அளந்தோம். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தது, அலைன்மென்ட் நிலையம் வரை மெதுவாக ஓட்டிப்போக அது போதும்.

அலைன்மென்ட் நிலையத்தில் நான் கேட்டுக்கொண்டவை இரண்டு. ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிய பிறகே, இரு பக்கமும் தனித்தனியாக அளவைப் பார்த்துத் திருத்த வேண்டும்; ஒரு பக்கத்திலேயே முழுத் திருத்தத்தையும் செய்தால் மொத்த டோ சரியாகக் காட்டினாலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ராடைச் சுழற்றுவதற்கு முன் பூட்டின் சிறிய கிளாம்பைத் தளர்த்தி, முடிந்ததும் மடிப்புகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து மாட்ட வேண்டும். வேலை செய்த பையன் இரண்டாவது கோரிக்கையைக் கேட்டுச் சற்று வியந்தாலும், பொறுமையாகவே செய்துகொடுத்தார். லாக் நட்டை இறுக்கும்போது டை ராட் எண்டின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டதையும் கவனித்தேன். இல்லாவிட்டால் இறுக்கும் வேகத்தில் அதுவும் சுழன்று, ஸ்டட்டின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

சத்தம் அன்றே நின்றது. துமகூரு சாலையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இல்லை. ஏற்கெனவே அரம்போல் தேய்ந்த டயரின் முகம் சமமாகும் வரை அதிலிருந்து லேசான ரீங்காரம் வந்துகொண்டுதான் இருந்தது. அது ராக் எண்டின் குறை அல்ல. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இரு லாக் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுச் சரிபார்த்தேன், தளரவில்லை. இப்போது மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, விரிந்து நிற்கும் பூட்டின் மடிப்புகளுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மறுபக்கம் திருப்பி அடுத்ததையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை.